அறியாமை யாருடையது?

கடந்த மாதம் கண்டி நகரின் ஹோட்டல் ஒன்றில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கொன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரனை அழைத்தால் மறுநாள் நான்கு வரியாவது வரும் என்ற நம்பிக்கைதான். குளிரூட்டப்பட்ட மண்டபம், மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல். கழுத்தில் கட்டியோடு வரும் நோயாளிகளைப் பற்றிப் பேசிய பிரமுகர் ஒருவர், மலையகத் தோட்டங்களிலிருந்து வருவோர் காலம் கடந்தே வைத்தியசாலையை வந்தடைகிறார்கள் என்றும், அதற்கு முழுமுதற் காரணம் அம்மக்களின் அறியாமை என்றும் சொன்னார். சபையினர் தலையசைத்தனர். நானும் அசைத்திருப்பேன்; பழக்கம் அப்படி. ஆனால் அன்று முடியவில்லை. அந்தச் சொல் என்னையே பெயர் சொல்லி அழைத்தது போல் இருந்தது. ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் வாதத்துக்குள் போக வேண்டும்.

நான் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். அடுத்த காம்பராவில் வளர்ந்த அக்கா ஒருவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். எனக்குப் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் வாய்த்தன. அவருக்குக் கொழுந்துக் கூடை வாய்த்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய தொண்டைக்குக் கீழே, சற்று வலப்புறமாக, பாக்கு அளவில் ஒரு கட்டி தோன்றியது. நோவில்லை. விழுங்கும்போது மேலே ஏறி இறங்கியது. அக்கா அதை மறைக்கவில்லை, மந்திரிக்கப் போகவில்லை, பச்சிலை அரைத்துப் பூசவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் காட்டினார். அங்கிருந்தவர் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் சம்பளத்தை இழந்து, அரசாங்க வைத்தியசாலை ஒன்றுக்குப் போனார். இரண்டாம் முறை போனபோது இரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் முறை போனபோது கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்திக் கலங்களை உறிஞ்சி எடுத்தார்கள். நான்காம் முறை போனபோது முடிவு எழுதிய தாள் கைக்கு வந்தது. அன்று கிளினிக்கில் வைத்தியர் இல்லை. வேறொரு திகதியில் வரச் சொன்னார்கள். சொன்னது சிங்களத்தில். தாள் ஆங்கிலத்தில்.

அன்று மாலை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, துண்டுல என்னா எழுதியிருக்குன்னு ஒருக்கா பாத்துச் சொல்லேன். நீதானே இங்கிலீஷ் பேப்பரெல்லாம் வாசிக்கிறவன்" என்றார். அவருடைய பேரன் தாளைப் படம் பிடித்து அனுப்பினான். முப்பது வருடமாக ரொய்ட்டர் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். பேராதனையில் கலைமாணிப் பட்டம் பெற்றவன். அலுவலகத்தில் பக்கம் முடிக்கும் அவசரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நான்கைந்து வரிகளின் அடியில் 'நொன் டயக்னொஸ்டிக்' என்று முடிவு எழுதப்பட்டிருந்தது. நோய் என்று எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை என்று என் மொழிபெயர்ப்பு மூளை அதை உடனே தமிழாக்கியது. "பயப்படாதீங்க அக்கா, ஒன்றும் இல்லையாம்" என்றேன். அவர் மாரியம்மனுக்கு நன்றி சொன்னார். சொன்ன திகதிக்கு வைத்தியசாலைக்குப் போகவில்லை. ஒன்றும் இல்லாததற்கு எதற்கு இன்னொரு நாட்பேரை இழப்பது?

அச்சொல்லுக்குப் பொருள் அதுவல்ல. ஊசியில் வந்த கலங்கள் போதாது, அல்லது இரத்தம் கலந்து பழுதாகிவிட்டது. ஆகவே இம்மாதிரியை வைத்து உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. பரிசோதனையைத் திரும்பச் செய்க என்பதுதான் பொருள். தைரொயிட் கட்டிகளின் ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து எழுதும் முறையொன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. 2007இல் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் கூடி வகுத்த முறை என்பதால் அந்நகரின் பெயரே அதற்கு. அதில் முதலாம் வகுப்பு இதுதான். தீங்கற்றது என்பது இரண்டாம் வகுப்பு. புற்றுநோய் என்பது ஆறாம் வகுப்பு. அக்காவுக்கு வந்தது முதலாவது. நான் வாசித்தது இரண்டாவது.

ஒன்றரை வருடம் கழித்து அக்காவின் குரல் கம்மியது. கழுத்தின் பக்கவாட்டில் மேலும் இரண்டு கட்டிகள் உருண்டன. இம்முறை ஸ்கான் பார்த்துக்கொண்டே ஊசி குத்தினார்கள், ஆறாம் வகுப்பு. தைரொயிட் சுரப்பி முழுவதையும், பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். சத்திரசிகிச்சைக்கும் அதன் பின்னரான கதிரியக்க அயடின் மருந்துக்கும் ஒரு சதமும் வாங்கவில்லை. இந்த நாட்டின் இலவச வைத்தியத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. உயிரைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் குரல் பழைய குரலாகத் திரும்பவில்லை. குரல்வளைக்குப் போகும் நரம்பு சுரப்பியின் பின்னால் ஒட்டியபடி செல்கிறது. கட்டி அதை முன்பே பற்றிக்கொண்டிருந்தது. மலையில் மறு தொங்கலில் நிற்பவளைக் கூப்பிடக்கூடிய குரல் அது.

இனிச் சொல்லுங்கள், இதில் அறியாமை யாருடையது?

கழுத்துக் கட்டி என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. தடிமனோ பல்வலியோ வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுவதை எல்லோரும் அறிவர். அது இரண்டு மூன்று வாரங்களில் வற்றிவிட வேண்டும். வற்றாமல் நின்றால், அதிலும் நாற்பது வயதைக் கடந்தவர் கழுத்தில் நோவற்றுக் கடினமாக நின்றால், காரணம் தேடியாக வேண்டும். தேடும் முறையும் கடினமானதன்று. தண்ணீரை விழுங்கச் சொன்னால் கட்டியும் உடன் ஏறுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் தைரொயிட். நாக்கை நீட்டும்போது மேலே போகிறதா? பிறப்பிலேயே எஞ்சிய குழாயொன்றில் நீர் கோத்த கட்டியாக இருக்கலாம். பக்கவாட்டில் கணுக்கள் கொத்தாக ஒட்டிக்கிடந்து, மாலையில் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோயை நினைக்க வேண்டும்.

இந்தக் கடைசி வகைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் கண்டமாலை. கண்டம் என்றால் கழுத்து. (கண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை, மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.) மாலை கோத்தாற்போல் கட்டிகள் வருவதால் கண்டமாலை. இங்கிலாந்தில் இதே நோயை அரசன் கைபட்டால் தீரும் என்று நம்பினார்கள். ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜோன்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712இல், ஆன் அரசியிடம் தொடவைக்கக் கொண்டுபோனார்கள். தீரவில்லை, தழும்போடுதான் வாழ்ந்தார். உலகத்தின் மிகப் பெரிய அகராதிக்காரர்களில் ஒருவரின் குடும்பத்தை யாரும் அறியாமைக் குடும்பம் என்று கருத்தரங்கில் பேசுவதில்லை. இன்று அந்நோய் ஆறு மாத மருந்தில் குணமாகிறது. அரசாங்க மார்பு நோய் நிலையங்களில் மருந்து இலவசம்.

மலைநாட்டில் இன்னொன்றையும் மறக்கலாகாது. வாயிலோ நாக்கின் ஓரத்திலோ தொண்டையிலோ தொடங்கிய புற்றுநோய், முதலில் கண்ணுக்குத் தெரிவது பலவேளை கழுத்துக் கட்டியாகத்தான். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்றே வேலை செய்யும் மக்கள் மத்தியில், கழுத்தைத் தடவிப் பார்ப்பவர் டோர்ச் வெளிச்சத்தில் வாயையும் பார்க்காமல் விடுவது பிழை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகப் பதிவாகும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெண்களிடையே மார்பகத்துக்கு அடுத்ததாக நிற்பது தைரொயிட். ஆனால் பயந்தோடவும் தேவையில்லை. தைரொயிட் கட்டிகளில் தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்டவை தீங்கற்றவை. புற்றானவற்றிலும் மிகச் சாதாரணமான வகைக்கு நேரத்தோடு சிகிச்சை செய்தால், பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடிருக்கிறார்கள்.

இந்த அறிவெல்லாம் மக்களிடம் இருந்தால்தான் நோய் தீரும் என்ற வாதத்துக்கு மறுமொழி நம்முடைய உப்புப் போத்தலிலேயே இருக்கிறது. இலங்கையின் ஈரவலயத்தில் கழலை நோய் பரம்பரைச் சொத்துப் போல் இருந்தது. மழை மண்ணிலிருந்து அயடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது என்பது பழைய விளக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் சி. பி. திசாநாயக்க போன்றோர், மண்ணின் தன்மையும் நீரின் தன்மையும் சேர்ந்த சிக்கலான விடயம் அது என்று காட்டினார்கள். 1980களின் நடுப்பகுதியில் பதினேழு மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது 18.8 வீதமானோருக்குக் கழலை இருந்தது. 1995இல் மனிதர் உண்ணும் உப்பெல்லாம் அயடின் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடனே வற்றிவிடவில்லை, வீங்கிய சுரப்பி வற்றத் தாமதமாகும். 2010இன் தேசிய ஆய்வில் அந்த வீதம் 4.4 ஆகக் குறைந்திருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் எந்தத் தோட்டத்துப் பெண்ணும் அயடினைப் பற்றிக் கருத்தரங்கு கேட்கவில்லை. கடையில் வாங்கிய உப்பை உலையில் போட்டார், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்து இதைத்தான் 1922இல் தொடங்கியது. அதற்கு முன் அந்த மலைநாட்டில் கழுத்து வீங்காத கிராமங்களைத் தேட வேண்டியிருந்தது. அங்கே பேர்ண் நகரில் ஆயிரக்கணக்கான கழலைகளை அறுத்த தியோடர் கொக்கர், சுரப்பியை முழுதாக அகற்றியவர்கள் மந்தித்துப் போவதைக் கண்டு 1883இல் அதைத் தானே பகிரங்கமாக எழுதினார். 1909இல் நோபல் பரிசு பெற்ற மனிதர். தன் கத்தியால் விளைந்த கேட்டைத் தன் கையாலேயே எழுதிவைத்தார் என்பதற்காகவே எனக்கு அவர்மீது மதிப்பு.

அப்படியானால் ஏன் தாமதம்? இதற்கும் பழைய ஆய்வொன்று உண்டு. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில், பேராதனைப் பல் வைத்தியப் பீடத்தைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் வெளியிட்டது. கிராமமட்டச் சுகாதார ஊழியர்கள் 34 பேருக்கு வாயைப் பரிசோதிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்கள் இருபத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேருக்குச் சந்தேகப் புண்கள் இருந்தன. அவர்களை மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் 660 பேர். அதாவது, உனக்கு வாயில் ஏதோ இருக்கிறது, வா என்று நேரில் சொல்லியும் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வரவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது. தெரிந்த பிறகும் வரவில்லை.

தோட்டக்கணக்கில் அதற்கு விடை இருக்கிறது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போனால்தான் பேர் விழும். நிறுத்த கொழுந்து போதாவிட்டால் அரைப்பேர். வைத்தியசாலைக்குப் போனால் பேரே இல்லை. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆனது. 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு ரூபாவுக்கும் எத்தனை வருடப் போராட்டம் என்பதை என் பத்திரிகையின் பழைய பிரதிகள் சொல்லும். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும் நேரம் வேறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்டாரே, அது இந்தப் பகுதிதான். தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பாதை வெட்டிய வேகத்தை நினைத்துப் பார்த்தால் மிச்சம் புரியும். ஒரு கழுத்துக் கட்டிக்கு ஒழுங்காக முடிவு தெரிய நான்கைந்து பயணம். அதாவது நான்கைந்து பேர், பஸ் காசு, மதியச் சாப்பாடு, துணைக்கு வருபவருடைய பேர். நோவில்லாத கட்டிக்காக ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்கிறோம். கொடுக்காதவரை அறியாதவர் என்கிறோம்.

அதே கண்டி நகரில் மறுபக்கமும் நடக்கிறது. நோய் இல்லாதவர்களுக்கான 'முழு உடற்பரிசோதனைப் பொதி'களில் கழுத்து ஸ்கானும் சேர்ந்துவிட்டது. சென்ற வருடம் எனக்கும் ஒன்று செய்தார்கள், நான் கேட்காமலே. நான்கு மில்லிமீற்றரில் ஏதோ புள்ளி இருக்கிறதாம். உடனே ஊசி குத்துவோம் என்றார் அந்தத் தனியார் வைத்தியசாலையின் மேசைப் பெண். வேறொரு வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஐம்பது தாண்டியவர்களின் கழுத்தை ஸ்கான் செய்தால் பாதிப் பேருக்கு ஏதாவது தெரியும், விட்டுவிடுங்கள் என்றார். தென்கொரியா இதை நாடு முழுவதும் செய்து பார்த்தது. 1999இல் வேறு புற்றுநோய்களுக்காகத் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தோடு கழுத்து ஸ்கானைச் சிறு கட்டணத்துக்கு இணைத்தார்கள். 2011இல் பதிவான தைரொயிட் புற்றுநோய், 1993இல் இருந்ததைப் போல் பதினைந்து மடங்கு. அந்த ஓராண்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். இறப்போ கூடவுமில்லை, குறையவுமில்லை. அறுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குக் கல்சியக் குறைபாடும் இருவருக்குக் குரல்நாண் முடக்கமும் வந்தன. 2014இல் வைத்தியர்களே குழுவாகச் சேர்ந்து எதிர்த்த பின்னர்தான் சத்திரசிகிச்சைகள் மளமளவெனக் குறைந்தன. வராத நோயைத் தேடி என் கழுத்தில் ஸ்கான் ஓடுகிற அதே மணியில், கட்டியைக் கையால் தொட்டுக் காட்டுகிறவர் அடுத்த மாதத் திகதியோடு பஸ் ஏறுகிறார். இதற்குப் பெயர் அறியாமை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

என் தொழிலையும் விட்டுவைக்க முடியாது. கழலை, கண்டமாலை, கட்டிகள் சத்திரசிகிச்சையின்றிக் கரையும் என்ற விளம்பரத்தைப் பல வருடங்களாக ஞாயிறு இதழ்களில் பிரசுரித்தது யார்? ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற கதையை 'மருத்துவக் குறிப்பு' என்ற தலைப்பில் சரிபார்க்காமல் அச்சேற்றியது யார்? அந்த மெல்லிய ஊசிப் பரிசோதனைதான் கழுத்துக் கட்டிக்கு முதல் வாசல். பாதுகாப்பானது. வாயையும் தொண்டையையும் பார்க்காமல், ஊசியும் குத்தாமல், எடுத்த எடுப்பிலேயே கணுவை அறுத்து எடுப்பதுதான் பின்னைய சிகிச்சையைக் கெடுக்கக்கூடியது. இதை எழுத ஒரு கால் பத்தி போதும். என்னுடைய பத்திரிகை வாழ்வில் எழுதவில்லை. அரசியல்வாதியின் மாலைக்குக் கழுத்தைப் படம் பிடித்தோம்.

1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் கேட்பது மிகச் சிறியது. ஆய்வுகூடத்து ஆங்கிலத்தை மாற்ற வேண்டாம். அது வைத்தியருக்கான மொழி, இருக்கட்டும். தாளின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி: 'மாதிரி போதாது, மீண்டும் வரவும்.' ஆறு வகுப்புக்கு ஆறு வரி, ஒரு முத்திரையில் அடங்கும். எங்கள் அச்சுக்கூடத்தில் கேட்டேன். இறப்பர் முத்திரைக்கு அவர்கள் சொன்ன விலை ஒரு நாட்பேரைவிடக் குறைவு. கிளினிக் துண்டைக் காட்டினால் அன்று பேர் போட வேண்டும் என்பது அடுத்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் இதை ஏன் முதல் வரியில் வைப்பதில்லை என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டபோது, அதெல்லாம் நிர்வாகத்தின் விடயம் என்றார் ஒருவர். நிர்வாகமோ அது சுகாதார அமைச்சின் விடயம் என்கிறது. தோட்ட வைத்தியத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டக் காலத்துக்கு முன்பிருந்தே நடக்கிறது.

கருத்தரங்கு முடிந்து தேநீர் அருந்தும்போது அந்தப் பிரமுகரிடம் போய் அக்காவின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். "இப்படியான விடயங்களை நீங்கள் எழுத வேண்டும்" என்று சொல்லி முகவரி அட்டையைத் தந்தார். அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். தாளில் உண்மையாக எழுதியிருந்தது என்ன, நான் வாசித்தது என்ன என்பதை அக்காவிடம் அதுவரை நான் சொல்லவில்லை. அன்று சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தக் கம்மிய குரலில், "நீ என்னா டாக்டரா? ஒங்கிட்ட கேட்டது என் தப்பு" என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தேநீர் ஊற்ற உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய கிளினிக் கொப்பி இருந்தது. அடுத்த திகதி என்றைக்கு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இம்முறை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு முறை வாசித்தேன். செவ்வாய்க்கிழமை. அன்று பேர் இல்லை.